மண் பாதைக்கு எந்த ஸ்ட்ரோக்?

நேயர்களுக்கு வணக்கம். மண்ணிலும் கல்லிலும் ஓட்டுகிற சின்ன பைக்குகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி ஆகிவிடும். டூ ஸ்ட்ரோக்தான் பைக் என்பார் ஒருவர். அந்தக் காலமெல்லாம் போய்விட்டது, இனி ஃபோர் ஸ்ட்ரோக்தான் என்பார் இன்னொருவர். இருவரும் வேகத்தை வைத்தே வாதாடுவார்கள். என்னைக் கேட்டால், வண்டியை யார் கவனித்துக்கொள்ளப் போகிறார் என்பதுதான் முதல் கேள்வி. வேகம் அப்புறம்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை பெட்ரோல் எரிகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை. அதனால்தான் மண் பாதையில் நடக்கும் உலக மோட்டோகிராஸ் பந்தயங்களில் 125 சிசி டூ ஸ்ட்ரோக்கையும் 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கையும் ஒரே பிரிவில் அனுமதித்தார்கள். அப்படியானால் ஒரே சிசிக்கு டூ ஸ்ட்ரோக்கின் சக்தி இரட்டிப்பாக வேண்டுமே? ஆவதில்லை. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த புதுக் கலவை சிலிண்டருக்குள் நுழையும்போது புகை போகும் துவாரமும் திறந்தே இருக்கிறது. கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியே போய்விடும்.

இந்த வண்டிகளின் புகைக்குழாய் நடுவில் வயிறு பெருத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக வைத்தது இல்லை. புகையோடு கிளம்பும் அழுத்த அலை, குழாய் மறுபடி குறுகும் இடத்தில் மோதித் திரும்பி, தப்பிக்கப் பார்க்கும் கலவையை உள்ளே தள்ளுகிறது. ஆனால் அந்த அலை நேரத்துக்கு வந்து சேர்வது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எல்லைக்குள்தான். அதற்குக் கீழே வண்டி சோம்பேறி. அந்த எல்லையைத் தொட்டதும் சீறிக்கொண்டு கிளம்பும். புகைத் துவாரத்தை வேகத்துக்கு ஏற்ப மாற்றும் பவர் வால்வு இருக்கும் வண்டிகளில் இந்தத் திடீர்ச் சீற்றம் ஓரளவு அடங்கும். கிளட்ச்சிலேயே விரல் வைத்து ஓட்டப் பழகியவருக்கு இது கொண்டாட்டம். ஈரக் கல்லில் முதல் முறை ஏறுகிறவருக்கு? ஃபோர் ஸ்ட்ரோக்தான் நல்லது. ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக அளவாக இழுக்கும்.

இறக்கத்திலும் வித்தியாசம் தெரியும். ஆக்சிலரேட்டரை விட்டால் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடி மிகக் குறைவு. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றும் வண்டியாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: பெட்ரோல் வரத்து குறைந்தால் எண்ணெய் வரத்தும் குறையும். நீண்ட இறக்கத்தில் இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மூடியே வைக்காமல், அவ்வப்போது லேசாகத் திருகிவிடுங்கள்.

எண்ணெய் அளவு பெரிய சூத்திரம் இல்லை. நாற்பதுக்கு ஒன்று என்று போட்டிருந்தால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 125 மில்லி. கண்ணளவில் ஊற்றக் கூடாது. அதிகமானால் பிளக் கறுத்து நனையும். குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க்குத் தனித் தொட்டி வைத்த மாடல்களில் இந்த வேலை மிச்சம். எதுவானாலும் பையில் ஒரு ஸ்பேர் பிளக் இருக்கட்டும்.

சரி, பராமரிப்புக்கு வருவோம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனும் ரிங்கும் அடிக்கடி மாற்ற வேண்டும்தான். ஆனால் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரைத் தூக்கினால் பிஸ்டன் கண்ணெதிரே நிற்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல் வால்வைத் திறக்கும் கேம் இல்லை, அதைச் சுற்றவைக்கும் டைமிங் செயின் இல்லை. பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்துவிடலாம்.

ஃபோர் ஸ்ட்ரோக் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவது நியாயமில்லை. ஹோண்டா சிஆர்எஃப் 110எஃப் மாதிரி காற்றில் குளிரும் சின்ன வண்டி, நேரத்துக்கு ஆயில் மாற்றினால் வருடக்கணக்கில் உழைக்கும். பந்தயத்துக்கென்று செய்த 250 வேறு ஜாதி. 1998இல் யமஹாவின் ஃபோர் ஸ்ட்ரோக் பந்தய வண்டி ஒய்இசட் 400எஃப் விற்பனைக்கு வந்த பிறகு கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பின. ஹோண்டா 2007 மாடலோடு தன் மோட்டோகிராஸ் டூ ஸ்ட்ரோக்குகளையே நிறுத்திவிட்டது. இந்தப் பந்தய இன்ஜின்களில் ஆயில் கொஞ்சம்தான் பிடிக்கும், சுற்றும் வேகமோ மிக அதிகம். வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் வால்வு இடைவெளியை அளந்து பார்க்காமல் ஓட்டினால், ஒரு நாள் வால்வு, பிஸ்டன், ஹெட் என்று மொத்தமாகப் போய்விடும். டூ ஸ்ட்ரோக்கின் பிஸ்டன் செலவெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆகவே பழைய பந்தய ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து மறுபடி ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆறிய இன்ஜின் எளிதில் ஸ்டார்ட் ஆகாவிட்டால், வால்வு இடைவெளியை அளக்காமல் பணத்தை எண்ணாதீர்கள்.

நன்றி, வணக்கம்.