கம்பிக்கு மிஞ்சிய உயரம்

அவையோருக்கு வணக்கம். பயிற்சியாளர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் பெற்றோருக்கும், முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

ரஷ்ய ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் பேச ஆள் நிறைய உண்டு. நான் ஒரே ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஸ்வெத்லானா ஹோர்கினா. 1979 ஜனவரி 19 அன்று, உக்ரைன் எல்லையை ஒட்டிய பெல்கொரோத் என்ற ஊரில் பிறந்தவர். நான்கு கருவிகளின் புள்ளியையும் கூட்டிப் பார்த்துத் தரும் உலக ஒட்டுமொத்தப் பட்டத்தை மூன்று முறை வென்ற முதல் பெண். ஒன்று உயரமும் ஒன்று தாழ்வுமாக இரண்டு கம்பிகள் கொண்ட அன்ஈவன் பார்ஸில் இரண்டு ஒலிம்பிக் தங்கம். ஒலிம்பிக்கில் மொத்தம் 7 பதக்கங்கள், உலகப் போட்டிகளில் மட்டும் 9 தங்கம்.

இந்தக் கணக்கை எங்கே தேடினாலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறொரு கணக்கு. அவருடைய உயரம் 165 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி ஐந்தங்குலம். தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்துக்குள் காலை வைத்தால் அதே உயரம் பெரிய பாரம். "இவ்வளவு வளர்ந்த பெண் இதில் தேற மாட்டாள்" என்ற பேச்சு அவர் சிறுமியாக இருந்தபோதே கிளம்பிவிட்டது.

ஏன் பாரம்? பிள்ளைகள் கொஞ்சம் கவனியுங்கள். அன்ஈவன் பார்ஸில் உயரக் கம்பி தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டர். அதன் அடியில் மெத்தை கிடக்கிறது, அதற்கு ஒரு சாண் போகும். ஐந்தடி ஐந்தங்குலப் பெண் கையை நீட்டித் தொங்கினால், விரல் நுனியிலிருந்து கால் நுனி வரை இரண்டு மீட்டருக்கு மேல் வந்துவிடும். அந்த நிலையில் முழு வேகத்தில் ஒரு சுற்று சுற்ற வேண்டும். கீழே மெத்தை, முன்னால் தாழ்ந்த கம்பி. குட்டையான பெண் காலை நீட்டியபடியே கடந்து போகிற இடத்தில், உயரமான பெண் ஒவ்வொரு தடவையும் மடக்கவோ விரிக்கவோ வேண்டும். சற்றுப் பிசகினாலும் கால் கம்பியில் அடிபடும்.

குட்டிக்கரணமும் அப்படித்தான். உடல் நீளம் கூடக் கூட அதைச் சுழற்றுவது கடினம். நீளம் பத்து சதவீதம் கூடினால் சுழற்றத் தேவையான முயற்சி அதைவிட நிறையவே கூடுகிறது, ஏனென்றால் இயற்பியல் அங்கே நீளத்தை இருமடிப் பெருக்கமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எடையும் சேர்ந்து ஏறுகிறது. காற்றில் கிடைக்கும் நேரமோ எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் நான் மிகவும் மதிக்கும் ஒரு மனிதர் வருகிறார். ஹோர்கினாவின் பயிற்சியாளர் போரிஸ் பில்கின். பெண்ணின் உடம்பை வழக்கமான அசைவுகளுக்குள் திணிக்க அவர் முயலவில்லை. இந்தக் கைக்கும் இந்தக் காலுக்கும் எந்த அசைவு பொருந்தும் என்று யோசித்து, அப்படி ஒன்று இல்லாதபோது புதிதாக உண்டாக்கினார். ஒன்றைச் சொல்கிறேன். நதாலியா ஷபோஷ்னிகோவா என்ற சோவியத் வீராங்கனையின் பெயரில் ஓர் அசைவு உண்டு. தாழ்ந்த கம்பியில் இடுப்பைத் தொடாமல் பின்பக்கமாகச் சுழன்று, தலைகீழாக எழும்பும்போதே கையை விட்டு, உயரக் கம்பிக்குப் பறந்து போய்ப் பிடிப்பது. ஹோர்கினா அந்தப் பறத்தலின் நடுவிலேயே அரைச் சுற்று திரும்பிப் பிடித்தார். இன்று விதிப்புத்தகத்தில் அந்த அசைவின் பெயர் ஹோர்கினா.

பெரிய போட்டியில் ஓர் அசைவை முதலில் வெற்றிகரமாகச் செய்பவரின் பெயரையே அதற்கு வைப்பது இந்த விளையாட்டின் வழக்கம். நம் நாட்டின் தீபா கர்மாகர் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில், ஓடிவந்து கையூன்றித் தாண்டும் வால்ட்டில் செய்தாரே புரோதுனோவா என்ற அசைவு, ஞாபகம் இருக்கிறதா? அந்த யெலேனா புரோதுனோவா, ஹோர்கினாவோடு ஒரே அணியில் ஆடியவர். 1997இல் லோசானில் ஹோர்கினா முதல் உலக ஒட்டுமொத்தப் பட்டம் வென்றபோது மூன்றாம் இடத்தில் நின்றவரும் அவர்தான். ஹோர்கினாவின் பெயரோ ஒரே கருவியோடு நிற்கவில்லை, வேறு கருவிகளிலும் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். மற்றவர்கள் செய்வதையே செய்திருந்தால் மற்றவர்களைவிட மோசமாகத்தான் செய்திருப்பார்.

அப்புறம், காலத்தையும் பார்க்க வேண்டும். 1991இல் சோவியத் யூனியன் உடைந்தது. உலகத்தையே ஆண்ட அணி பல நாடுகளாகச் சிதறியது. பேர்பெற்ற பயிற்சியாளர்கள் பலர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள். அந்தக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இந்த நெட்டைப் பெண் ரஷ்ய அணிக்குள் வருகிறார். 1994இல் பிரிஸ்பேன் உலகப் போட்டியில், 15 வயதில், வால்ட்டிலும் பார்ஸிலும் வெள்ளி. மறுவருஷம் ஜப்பானில் பார்ஸில் தங்கம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒட்டுமொத்தப் போட்டி கைநழுவிப் போனாலும், பார்ஸ் இறுதியில் தங்கம் வந்தது. 1995, 96, 97, 99, 2001 என்று பார்ஸில் ஐந்து உலகத் தங்கங்கள். 96இல் மட்டும் பகிர்ந்துகொண்ட தங்கம். எந்தக் கருவி இவருக்கு ஆகாது என்றார்களோ, அதே கருவியில்.

சரி, சிட்னிக்கு வருவோம். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

2000 செப்டம்பர். பெண்கள் ஒட்டுமொத்த இறுதிப் போட்டி. ஹோர்கினாவுக்கு வயது 21. தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்துவிட்டு வந்திருக்கிறார். ஒலிம்பிக் ஒட்டுமொத்தத் தங்கம் ஒன்றுதான் பாக்கி, அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். முதலில் ஃப்ளோர், அதாவது தரையில் ஆடுவது. நன்றாக முடித்தார். அடுத்தது வால்ட்.

வால்ட்டில் நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். 25 மீட்டர் பாதையில் ஓடி வர வேண்டும். ஹோர்கினா செய்த வகையில், ஓட்டத்தின் கடைசியில் கையூன்றித் திரும்பி, முதுகு முன்னால் இருக்க, ஸ்பிரிங்போர்டில் இரண்டு காலையும் வைத்து எழும்ப வேண்டும். போர்டை விட்டு எழும் கணத்தில், கையூன்றித் தாண்ட வேண்டிய கருவி, 'குதிரை' என்பார்கள், அது கண்ணுக்குத் தெரியாது. அது எங்கே இருக்கிறது என்று கைக்குத்தான் தெரியும். பல ஆயிரம் தடவை தொட்டுத் தொட்டு உடம்பு மனப்பாடம் செய்துவைத்த இடம் அது. உள்ளங்கை அங்கே படும், தோள் ஒரு தள்ளு தள்ளும், அந்தத் தள்ளில்தான் உயரமும் சுழற்சியும் கிடைக்கும்.

விதிப்படி அந்தக் குதிரை 125 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அன்று அது 120இல் இருந்தது. ஒலிம்பிக் இறுதிப் போட்டியில், ஏற்பாட்டாளர்கள் ஒரு படி கீழே பொருத்திவிட்டார்கள். அதிகாரிகள் பார்க்கவில்லை, நடுவர்களும் பார்க்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் ஓடிவந்தார்கள், தடுமாறினார்கள், விழுந்தார்கள். கை போய்ப் படவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஹோர்கினா முழங்காலில் விழுந்தார்.

ஐந்து சென்டிமீட்டர் என்றால் மூன்று விரல் அகலம். வாழ்நாள் முழுக்க உயரம் கூடிப்போனதற்காகப் பேச்சு வாங்கியவரை, கருவியின் உயரம் குறைந்துபோய்க் கவிழ்த்தது. இதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. தங்கம் போன கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். கழுத்து முறிந்திருந்தால் யார் பொறுப்பு? வால்ட்டில் தலைகீழாக வந்து விழுவது என்பது விளையாட்டுக் காயத்தோடு நிற்கிற சமாச்சாரம் அல்ல.

அவருக்குக் கருவியில் கோளாறு என்று தெரியாது. தன் தவறு என்றே நினைத்தபடி அடுத்த கருவிக்குப் போனார். அது பார்ஸ், அவருடைய சொந்த வீடு. அங்கேயும் கை நழுவி விழுந்தார். மனம் உடைந்த ஐந்து நிமிஷத்தில் அந்தக் கம்பியைப் பிடித்தால் வேறென்ன ஆகும்?

அதற்குப் பிறகுதான் ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர், தன் முறைக்குப் பயிற்சி பார்த்தபோது, உயரம் சரியில்லை என்று சொன்னார். பள்ளி வயதுப் பெண். அத்தனை பெரியவர்கள் கூடியிருந்த மண்டபத்தில் வாய் திறந்தது அவர் ஒருவர்தான். அளந்து பார்த்தார்கள், ஐந்து சென்டிமீட்டர் ஏற்றினார்கள். ஏற்கெனவே வால்ட் செய்தவர்கள் விரும்பினால் மறுபடி செய்யலாம் என்றார்கள். சிலர் செய்தார்கள். ஹோர்கினா செய்யவில்லை. வால்ட்டைத் திரும்பச் செய்யலாம், பார்ஸில் விழுந்ததை யார் திருப்பித் தருவார்கள்? போட்டியை முழுதாக முதலிலிருந்து நடத்தியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு கருவியை மட்டும் திருத்தியது நியாயம் ஆகாது.

அந்தத் தங்கத்தின் கதை அதோடும் முடியவில்லை. வென்ற ருமேனியாவின் அந்திரேயா ரதுகானுக்கு அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது என்று பதக்கத்தைப் பறித்தார்கள். பதினாறு வயதுப் பெண், டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கியவர். அந்த ஓர் இரவில் பெரியவர்களின் கவனக்குறைவுக்கு விலை கொடுத்தது முழுக்க முழுக்கப் பிள்ளைகள்தான். இங்கே இருக்கும் பயிற்சியாளர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். கருவியைப் பிள்ளை ஏறும் முன் நீங்கள் அளந்து பாருங்கள்.

சில நாளில் பார்ஸ் இறுதிப் போட்டி. விழுந்த அதே கம்பிக்கு ஹோர்கினா திரும்ப வந்தார். 9.862 புள்ளி. தங்கம். ஃப்ளோரில் வெள்ளியும் எடுத்தார். அட்லாண்டாவில் வென்ற பார்ஸ் பட்டத்தை அப்படித் தக்கவைத்துக்கொண்டார்.

மறுவருஷம் 2001இல் பழைய குதிரையை ஒதுக்கிவிட்டு, கை படும் பரப்பு அகலமான புதிய வால்ட் மேசையைக் கொண்டுவந்தார்கள். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த உலகப் போட்டி அதில் ஆடிய முதல் உலகப் போட்டி. வால்ட்டில் தங்கம் யாருக்கு? ஹோர்கினாவுக்கு. ஒட்டுமொத்தமும் அவருக்கே, பார்ஸும் அவருக்கே. எனக்கு அவருடைய பதக்கங்களில் மிகப் பிடித்தது இந்த வால்ட் தங்கம். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

2003இல் அமெரிக்காவின் அனஹைமில் மூன்றாவது ஒட்டுமொத்தப் பட்டம். வயது 24. இரண்டாம் இடம் வந்த கார்லி பேட்டர்சன் 15 வயதுப் பெண். இங்கே வயதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் இது வளர்ந்த பெண்களின் விளையாட்டு. லரீசா லத்தீனினா 1958 உலகப் போட்டியில் வயிற்றில் பிள்ளையோடு ஆடி ஐந்து தங்கம் வென்றார். 1964 டோக்கியோவில் 29 வயதில் ஒலிம்பிக் தங்கம் எடுத்தார். 1976இல் 14 வயது நாதியா கொமனேச்சி வந்த பிறகு நிலைமை தலைகீழானது. சின்ன உடம்பாக இருந்தால்தான் சுழல முடியும், வளர்வதற்குள் வென்றுவிட வேண்டும் என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவியது. எத்தனையோ பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள், எலும்பு முறிந்தார்கள். 1997இல் ஒலிம்பிக்குக்கான குறைந்தபட்ச வயதை 16 ஆக உயர்த்திய பிறகும் அந்த எண்ணம் லேசில் போகவில்லை. அப்படிப்பட்ட காலத்தில், முழுதாக வளர்ந்த ஒரு பெண் பத்து வருஷம் உச்சத்தில் நின்றார். அவர் வாதம் எதுவும் செய்யவில்லை. போட்டிக்கு வந்து ஆடினார், அவ்வளவுதான்.

அவருக்கு வாய்த்துடுக்கு உண்டு, கர்வம் உண்டு என்று அன்றைய பத்திரிகைகள் நிறைய எழுதின. தோற்றால் முகத்தை மறைக்க மாட்டார், நடுவர்கள் மேல் கோபம் வந்தால் காட்டிவிடுவார். இதெல்லாம் உண்மைதான். சிரித்துக்கொண்டே தலையாட்டும் சிறுமிகளுக்குப் பழகிய ஊர், எதிர்த்துப் பேசும் பெண்ணைக் கண்டு முகம் சுளித்ததும் உண்மைதான்.

2004 ஏதென்ஸ் அவருடைய மூன்றாவது ஒலிம்பிக். ஒட்டுமொத்தத்தில் வெள்ளி. பேட்டர்சனுக்கும் அவருக்கும் இடையே 0.176 புள்ளிதான் வித்தியாசம். பார்ஸ் இறுதியில் மூன்றாவது தங்கத்துக்கு ஏறி, தவறவிட்டு, எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தார். அதோடு விலகினார். பிறகு 2007 முதல் 2011 வரை ரஷ்ய நாடாளுமன்றத்தில் உறுப்பினர். அந்த அரசியல் இந்த மேடைக்கு உரிய விஷயம் இல்லை.

பார்ஸில் அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் என்பதை அவருக்குப் பிறகு அலியா முஸ்தஃபினா செய்தார், 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும். அவரும் ரஷ்யர்தான். 2011இல் இடது முழங்கால் தசைநார் கிழிந்து, அதிலிருந்து மீண்டு வந்தவர். அவரைப் பற்றிப் பேச இன்னொரு மாலை வேண்டும்.

இப்போது விளக்கை அணைத்துவிட்டு, சிட்னி பார்ஸ் இறுதியைத் திரையில் போடச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாம் தடவை ஓடும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், கால் நுனியை மட்டும் பாருங்கள். தாழ்ந்த கம்பியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கால்கள் எப்போது விலகுகின்றன, எப்போது சேருகின்றன என்று எண்ணுங்கள். பிறகு கேள்வி கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.