முகம் தெரியாத குரல்தான் பேசவைக்கும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், வேலை முடிந்து நேராக இந்தக் கோயில் மண்டபத்துக்கு வந்திருக்கும் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம்.

"இளைஞர்களைச் சமூகப் பிரச்சினைகளைப் பேசவைப்பது வானொலி நாடகமா, கைப்பேசிக் காணொளியா?" என்பது தலைப்பு. வானொலி நாடகமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி கேட்டார்: "இந்தக் காலத்தில் யார் அக்கா ரேடியோ கேட்கிறார்கள்? எல்லார் கையிலும் போன் இருக்கிறதே." சரி தம்பி, இருக்கிறது. அப்பா சம்சுச் சாராயம் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பதை எந்தப் பிள்ளையாவது அந்தப் போனில் முகம் காட்டிச் சொல்லுமா? சொன்னால் மறுநாள் காலை தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் அதே பேச்சாகத்தான் இருக்கும். நம்முடையது சின்ன ஊர், ஐயா. யார் வீட்டுப் பிள்ளை என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

நாடகத்தில் குரல் மட்டும்தான். பெயரும் வேறு, வீடும் வேறு.

போன பள்ளி விடுமுறையில் இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு, ஐந்து படிக்கும் பிள்ளைகளோடு ஒரு நாடகம் பதிவு செய்தோம். தமிழ்ப்பள்ளி வகுப்பறை ஒன்றில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, காற்றாடியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்தோம். பிஸ்கட் டின்னில் அரிசியை உருட்டினால் மழைச் சத்தம் வந்துவிடும். குடித்துவிட்டு வரும் அப்பாவிடம் மகள், "அப்பா, குடிக்காதீங்க" என்று கெஞ்சுவதாக நான் எழுதியிருந்தேன். அந்த வேடத்தில் நடித்த பிள்ளை தாளைக் கீழே வைத்துவிட்டாள். "அப்படியெல்லாம் யாரும் சொல்லமாட்டாங்க அக்கா. மோட்டார் சத்தம் கேட்டதும் தங்கச்சியை எழுப்பிக்கிட்டுப் பின்வாசல் வழியா அடுத்த வீட்டுக்குப் போயிடுவோம்" என்றாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அவள் சொன்னபடியே காட்சியை மாற்றினோம். அப்புறம் மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக, "இந்த இடத்தில் இப்படி வை அக்கா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நாடகத்தைப் பற்றி மட்டுமா பேசினார்கள்? பெற்றவர்களுக்கு அது புரியும்.

"பதிவு செய்ததும் போனில்தானே?" என்பார் தம்பி. ஆமாம், போனில்தான். போன் மீது எனக்குக் கோபம் இல்லை. முகத்தைக் காட்டச் சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

நாடகத்தால் என்ன மாறும் என்றும் கேட்டார்கள். 1994-இல் ருவாண்டாவில் வானொலியை வைத்தே இனவெறியைத் தூண்டிக் கொலை செய்யவைத்தார்கள். அதே நாட்டில் 2004-இல், பகைகொண்ட இரண்டு கிராமங்களைக் கதையாக்கி ஒரு வானொலித் தொடர் நாடகம் தொடங்கியது. மக்களைக் குழுக்களாக உட்காரவைத்து ஓராண்டு கேட்கவைத்து ஆராய்ந்தார்கள். மனத்துக்குள் இருந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால், கூட்டத்தில் தன் கருத்தைத் துணிந்து சொல்லும் பழக்கம் கூடியிருந்தது. நமக்கு வேண்டியதும் அந்தத் துணிவுதானே ஐயா? இந்தியாவில் 1996-இல் அகில இந்திய வானொலியின் நாடகம் ஒன்றைக் கேட்ட உத்தரப் பிரதேசத்து லுட்சான் கிராமத்தார், வரதட்சணை கொடுக்கவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம் என்று ஊராகக் கையெழுத்துப் போட்டு எழுதி அனுப்பினார்கள்.

இளைஞர்களுக்கு அரை மணி நேரம் கேட்கப் பொறுமை இல்லை என்று எதிரணி சொல்வதையும் நான் ஏற்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநரும் ஃபேக்டரி பஸ்ஸில் போகும் பிள்ளையும் காதைச் சும்மாவா வைத்திருக்கிறார்கள்? மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி அவர்களோடுதான் பயணம் போகிறது.

கேட்டதோடு விட்டுவிடவும் கூடாது. எங்கள் நாடகத்தின் முடிவில் மகளிர் அமைச்சின் 15999 உதவி எண்ணை அந்தப் பிள்ளையின் குரலிலேயே சொல்லவைத்தோம்.

அடுத்த நாடகம், பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாள அட்டை கிடைக்காமல் அலையும் பையனைப் பற்றியது. கோயில் தலைவர் முன் வரிசையிலேயே இருக்கிறார். தலைவரே, வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் இந்த ஒலிபெருக்கியை எங்களுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். பிள்ளைகளை அழைத்துவருவது என் பொறுப்பு. நன்றி, வணக்கம்.