குழாயடியில் இருபது நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெரிய தீ விபத்துகளைப் பற்றி இன்று பேசப் போவதில்லை. தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெய், பைக்கிலிருந்து இறங்கும்போது கெண்டைக்காலில் படுகிற சைலன்சர், இஸ்திரிப் பெட்டி, காபி டம்ளர் என்று வீட்டில் அன்றாடம் நடக்கிற சூடுதான் விஷயம்.

சுட்டவுடன் நம் வீடுகளில் என்ன நடக்கும்? ஒருவர் பேஸ்ட் எடுக்க ஓடுவார். இன்னொருவர் இட்லி மாவைப் பூசு என்பார். முன்பெல்லாம் பேனா மை ஊற்றுவார்கள். இப்போது வீட்டில் மைப்புட்டியே இல்லாததால் அந்த வைத்தியம் தானாக ஒழிந்தது. மஞ்சள், தேங்காய் எண்ணெய், வெண்ணெய், முட்டையின் வெள்ளைக்கரு என்று சமையலறையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் முறை வரும். தண்ணீருக்கு மட்டும் வராது. கேட்டால், “தண்ணி பட்டா கொப்புளம் வந்துடும்” என்பார்கள்.

கொப்புளம் தண்ணீரால் வருவதில்லை, சூட்டால் வருகிறது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் கொஞ்ச நேரம் தோசையை முறுகவைக்கும் அல்லவா? தோலுக்குள் புகுந்த சூடும் அப்படித்தான். எண்ணெயைத் துடைத்துவிட்டீர்கள், ஆனாலும் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். ஓடுகிற தண்ணீர் அதை வெளியே இழுத்துவிடும். இருபது நிமிடம். கையை நனைத்துவிட்டு ஊதிக்கொண்டு உட்காருவது கணக்கில் வராது. வானொலியில் எனக்கு இன்று கொடுத்திருப்பது எட்டு நிமிடம். நான் பேசி முடித்து, மறுபடி முதலிலிருந்து பேசி முடித்து, அப்புறமும் பாதி பேசுகிற நேரம் குழாயடியில் நிற்க வேண்டும். பட்டவுடன் செய்வதுதான் நல்லது. தாமதமாகிவிட்டாலும் மூன்று மணி நேரம் வரைக்கும் பலன் உண்டு.

ஒரு கல்யாண மண்டபத்துக் கதை சொல்கிறேன். எங்கள் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. ரச அண்டாவை இறக்கும்போது சரிந்து, தலைமைச் சமையல்காரருக்கும் கூட இருந்த பையனுக்கும் முன்கையில் கொட்டிவிட்டது. மண்டபமே சமையல்காரரைச் சூழ்ந்துகொண்டது. பெண் வீட்டார் பேஸ்ட் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சும்மா இருப்பார்களா, அவர்கள் பங்குக்கு இட்லி மாவு. யாரோ மேலே மஞ்சளையும் தூவினார்கள். பையனை யாரும் கண்டுகொள்ளவில்லை. எரிச்சல் தாங்காமல் அவன் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு அழுதபடி நின்றிருக்கிறான். வேன் வரும்வரை அங்கேயே நின்றிருக்கிறான்.

இருவரும் எங்களிடம் வந்தார்கள். சமையல்காரர் கையில் காய்ந்து ஒட்டியிருந்ததை முதலில் நாங்கள் கழுவி எடுக்க வேண்டியிருந்தது. அதை எடுக்காமல் காயத்தின் ஆழம் டாக்டருக்குத் தெரியாது. சுட்டபோது கத்தியதைவிட அதிகமாகக் கத்தினார், பாவம். பையனுக்குச் சிவந்து, இரண்டு இடத்தில் கொப்புளம், அவ்வளவுதான். இருவருக்கும் ஒரே அளவு கொட்டியதா என்றால் என்னால் சொல்ல முடியாது. ஆனால் பெரியவருக்குத்தான் கவனிப்பு அதிகம், சிறியவனுக்குத்தான் வைத்தியம் சரி.

பேஸ்ட் போட்டால் குளுகுளுவென்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது புதினா வகைச் சேர்க்கையால் வரும் உணர்வு. சூடு குறைவதில்லை, பூச்சுக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும். ஐஸும் வேண்டாம். வெந்த தோலில் ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைவு. ஐஸ் வைத்தால் ரத்தக் குழாய்கள் இன்னும் சுருங்கிக் காயம் ஆழமாகும்.

சரி, மே மாத மதியம் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறதே? குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு, அந்தச் சூட்டுத் தண்ணீர் போன பிறகு கையை நீட்டுங்கள். போகவில்லையா, மண்பானைத் தண்ணீரையோ வீட்டுக்குள் இருக்கும் குடத்துத் தண்ணீரையோ சொம்பால் மெல்ல ஊற்றுங்கள். லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டில் இருபது நிமிடம் குழாயைத் திறப்பதா என்று ஒரு அம்மா என்னிடம் சண்டைக்கே வந்தார். நியாயம்தான். விரல் தடிமனுக்கு ஒழுகினால் போதும். கீழே வாளி வைத்துப் பிடித்துச் செடிக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர் ஓடும்போதே மோதிரம், வளையல், மெட்டி, குழந்தையின் கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. துணி ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். ஒட்டாத பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். அப்புறம் துவைத்துக் காய்ந்த சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். அந்த மெல்லிய தோல்தான் கிருமி போகாமல் காக்கிறது.

ஆவியைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஆவிதானே பட்டது’ என்று அலட்சியமாக இருப்பவர்கள் அதிகம். ஒரு கிராம் கொதிநீர், உடம்புச் சூட்டுக்கு இறங்குவதற்குள் விடுவது சுமார் 63 கலோரி வெப்பம். ஒரு கிராம் ஆவி, தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே சுமார் 540 கலோரியை விட்டுவிடும். அதற்கு மேல்தான் அந்த 63. ஆகவே குக்கர் ஆவிக்கும் இட்லிக் கொப்பரை ஆவிக்கும் அதே இருபது நிமிடம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டிவிட்டார்கள். வேகமாகச் சொல்கிறேன். பாதிக்கப்பட்டவரின் உள்ளங்கையை விரல்களோடு அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய காயம், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்ட காயம், மின்சாரத்தாலோ ஆசிட்டாலோ வந்த காயம், வெளுத்தோ கருகியோ வலியே தெரியாத காயம் — இவற்றுக்கு மருத்துவமனைதான். வலி இல்லாதது நல்ல அறிகுறி இல்லை, நரம்பு வெந்திருக்கலாம். கைக்குழந்தை என்றால் காயம் சின்னதாக இருந்தாலும் காட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது சுட்ட இடம் தவிர மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் உடம்பு முழுக்கக் குளிர்ந்துவிடும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பெரிய காயமென்றால் 108.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெந்நீரில் கால் வைக்கும் முன் வீட்டில் இன்னொருவரைக் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் நேரத்தில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம். தீபாவளிக்கு, எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பிகளைப் போட ஒரு வாளித் தண்ணீர் வாசலில் இருக்கட்டும். அணைந்த கம்பியை மிதித்துத்தான் பல பிள்ளைகள் வருவார்கள். நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.