முடிக்காமல் விட்ட கோடுகள்

நேயர்களுக்கு வணக்கம். அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் என்றதும் நம் மனதில் ஒரு முகம் வந்து நிற்கும். பளபளக்கும் பெரிய கண்கள், கூரான தலைமுடி, சீரான கறுப்புக் கோட்டுக்குள் அடைத்த பளிச்சென்ற நிறம். இந்த வார்ப்பில் அடங்காத ஒரு படத்தைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன். 2013 நவம்பரில் ஜப்பானில் வெளியான 'இளவரசி ககுயாவின் கதை'. ஸ்டூடியோ கிப்லி என்ற அனிமேஷன் நிறுவனத்தின் தயாரிப்பு. இயக்கியவர் இசாவோ தகாஹாதா. அப்போது அவருக்கு வயது 78.

கதை ஜப்பானியர்களுக்குப் பழகியது, ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானது. மூங்கில் வெட்டும் கிழவர் ஒளிரும் மூங்கிலுக்குள் விரலளவு பெண் குழந்தையைக் காண்கிறார். அவரும் மனைவியும் வளர்க்கிறார்கள். பெண் அழகியாக வளர்கிறாள், பிரபுக்கள் பெண் கேட்டு வருகிறார்கள், கடைசியில் அவள் தன் ஊரான நிலவுக்கே திரும்பிப் போகிறாள். முடிவு தெரிந்த கதை என்பதால், படத்தின் உயிர் அது வரையப்பட்ட விதத்தில்தான் இருக்கிறது.

வழக்கமான அனிமேஷனில் பின்னணியை ஒருவர் நுணுக்கமாகத் தீட்டுவார். அதன் மேல் நடமாடும் மனிதர்கள் தட்டையான நிறத்தில் தனியே வருவார்கள். ஓவியர் முதலில் வேகமாகப் போடும் பென்சில் கோட்டை அப்படியே வைக்க மாட்டார்கள். சுத்தப்படுத்தி, ஒரே தடிமனில் திரும்ப வரைவார்கள். ஒரு படத்தில் நூற்றுக்கணக்கான கைகள் வேலை செய்யும்போது எல்லாக் கைகளும் ஒன்றுபோலத் தெரிய வேண்டுமே, அதற்காக. ஆக, நாம் 'அனிமே பாணி' என்று ரசிப்பதில் ஒரு பங்கு தொழிற்கூடத்தின் தேவையால் வந்தது. அதில் தவறில்லை. ஆனால் அந்த முதல் கோட்டின் துடிப்பு போய்விடுகிறது. தகாஹாதாவுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இந்தப் படத்தில் கோடு ஓரிடத்தில் தடிக்கிறது, ஓரிடத்தில் மெலிகிறது, சில இடங்களில் நின்றே போகிறது. நீர்வண்ணம் விளிம்பைத் தொடாமல் கரைகிறது. காட்சியின் ஓரங்களில் காகிதம் வெறுமையாக இருக்கிறது. பின்னணியை வரைந்த கசுவோ ஓகாவும், பாத்திரங்களுக்கு உருவமும் அசைவும் கொடுத்த ஒசாமு தனாபேயும் ஒரே தாளில் சேர்ந்து வரைந்ததுபோல மரமும் மனிதரும் ஒட்டிக்கொள்கிறார்கள்.

'அரைகுறையாக வரைந்ததுபோல இருக்கிறதே' என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்படி வரைவதில்தான் வேலை கூடுதல். கணினியில் நிறம் நிரப்ப மூடிய கோடு வேண்டும். இடைவெளி இருந்தால் நிறம் வெளியே வழிந்துவிடும். எனவே கண்ணுக்குத் தெரியும் கோட்டை ஒரு தாளிலும், நிறத்தின் எல்லையைக் காட்ட இன்னொரு தாளிலும் வரைய வேண்டியிருந்தது. சுமார் 8 ஆண்டுகள் ஓடின. செலவு ஏறத்தாழ 500 கோடி யென் என்கிறார்கள். ஜப்பானில் வசூல் அதில் பாதி அளவுதான். கணக்குப் பார்க்கும் எவரும் செய்யத் துணியாத காரியம்.

இது திடீரென வந்த ஆசையும் அல்ல. 1988இல் வந்த 'மின்மினிகளின் கல்லறை'யில் கறுப்புக்குப் பதிலாகப் பழுப்புக் கோட்டைப் பயன்படுத்தினார். 1991இல் வந்த படத்தில், ஒரு பெண்ணின் சிறுவயது நினைவுகளை ஓரங்கள் வெளுத்த காட்சிகளாக வைத்தார். 1999இல் நாளிதழ்ச் சித்திரக்கதை ஒன்றை 'யமதா குடும்பத்தார்' என்று படமாக்கியபோது பின்னணியையே பாதி துடைத்துவிட்டார். அந்தப் படம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் பிடிக்கும். ஒரே மூச்சில் பார்த்தால் அலுக்கிறது. கனடாவின் ஃபிரெடெரிக் பாக் வண்ணப் பென்சிலால் செய்த குறும்படங்கள் மீதும் அவருக்குப் பெரும் மதிப்பு. 12ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியச் சுருள்களை அனிமேஷனின் முன்னோடிகளாகக் காட்டி ஒரு நூலே எழுதினார். அச்சுருள்களில் ஒன்றில் ஒரு நெற்களஞ்சியம் அப்படியே வானில் பறக்கிறது, ஜனங்கள் வாய்பிளந்து பார்க்கிறார்கள். சுருளை விரிக்க விரிக்கக் கதை நகரும். இன்னொரு செய்தி: இவ்வளவுக்கும் தகாஹாதா வரைபவர் அல்லர். பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். பார்த்துப் பார்த்து, அடுத்தவர் கையிலிருந்து வேண்டியதை வாங்குபவர்.

படத்தில் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது இரண்டு இடங்கள். ஒன்று, குழந்தை தவழும் காட்சி. தவளையைப் பார்த்துத் தானும் அதுபோல எம்பிப் பார்க்கிறது. ஊர்ப் பிள்ளைகள் ஒருபுறம் கூப்பிட, வளர்ப்புத் தந்தை மறுபுறம் 'இளவரசி, இளவரசி' என்று கைதட்டி அழைத்துக் கடைசியில் ஓடிப்போய் அள்ளிக்கொள்கிறார். முழங்காலின் கொழுகொழுப்பு ஒரே ஒரு வளைகோடுதான். மீதியை நாம் பார்த்த குழந்தைகளைக் கொண்டு நாமே நிரப்பிக்கொள்கிறோம். தகாஹாதாவின் நம்பிக்கையும் அதுவே: முழுக்கத் தீட்டிவிட்டால் பார்ப்பவருக்கு நினைத்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

மற்றொன்று அந்த ஓட்டம். தலைநகரில் விருந்து நடக்கிறது. குடித்த விருந்தாளிகள் ககுயாவைப் பற்றிக் கேவலமாகப் பேசுவது திரைக்குப் பின்னால் இருக்கும் அவள் காதில் விழுகிறது. கதவுகளை மோதித் தள்ளி ஓடுகிறாள். அடுக்கடுக்கான பட்டாடைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. அதுவரை மென்மையாக இருந்த கோடு கரியைக் கொண்டு கிழித்ததுபோல ஆகிறது. முகம் கலைகிறது, நிறம் வடிகிறது, உருவமே சில கீறல்களாகிவிடுகிறது. அவளுடைய கோபத்தைக் காட்ட நடிப்போ வசனமோ தேவைப்படவில்லை, கோடே கோபப்படுகிறது. சீரான கோட்டில் வரைந்திருந்தால் ஒரு பெண் ஓடுகிறாள் என்று மட்டும் தெரிந்திருக்கும்.

குறையும் உண்டு. 137 நிமிடப் படத்தில் பிரபுக்கள் வரிசையாக வந்து போகும் பகுதி நீளம். அரண்மனைக்குள் கோடும் அடங்கிவிடுவதால் கண் சற்றுச் சோர்கிறது. அவள் அடைபட்டதை நாமும் உணரத்தான் அப்படி வைத்தார் என்று வாதிடலாம். எனக்கு முழுதாக ஒப்பவில்லை.

ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. 2018 ஏப்ரலில் தகாஹாதா காலமானார். அவர் இயக்கிய கடைசிப் படம் இதுவே. பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கைப்பேசியில் பார்க்காதீர்கள். அந்தச் சிறிய திரையில் மெல்லிய கோடுகள் காணாமல் போய்விடுகின்றன. வீட்டில் இருக்கும் பெரிய திரையில், மூல ஜப்பானிய ஒலியோடு பாருங்கள். மூங்கில் வெட்டுபவருக்குக் குரல் கொடுத்த தாகேஓ சீ படம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். ஜப்பானில் பெரும்பாலும் படம் தயாரான பிறகே குரல் சேர்ப்பார்கள். இங்கே குரலை முதலில் பதிந்து, அதற்கேற்ப வாயையும் முகத்தையும் வரைந்தார்கள். அந்தக் கிழவர் மகளைக் கூப்பிடும்போது முகக்கோடு எப்படி நடுங்குகிறது என்று கவனியுங்கள். நன்றி, வணக்கம்.