இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி

வணக்கம். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தால் எதைப் பார்ப்பீர்கள்? வயல், மலை, கோபுரம். நான் மைல்கல்லைப் பார்ப்பேன். முப்பது வருடப் பழக்கம் இது. நான் பொறியாளர் இல்லை. கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். விடுமுறை வந்தால் ஒரு நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில், ஏதாவது ஒரு பேருந்து. சாலையைப் படிக்க அவ்வளவு போதும்.

படிக்க என்று தெரிந்துதான் சொல்கிறேன். கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. இது பலருக்குத் தெரியும். ஆனால் எண்ணும் பேசும். 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றினார்கள். 7, 45, 47 என்றே சொல்லிப் பழகிய எனக்குக் கொஞ்ச நாள் வருத்தம்தான். அப்புறம் புதிய ஒழுங்கைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது.

வடக்கு தெற்காக ஓடும் சாலைக்கு இரட்டைப்படை எண். மேற்கே போகப் போக எண் கூடும். சென்னையிலிருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம் வழியாகத் தூத்துக்குடி போவது 32. அதற்கு மேற்கே விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாக வருவது 38. இன்னும் மேற்கே சேலம், நாமக்கல், திண்டுக்கல் என்று இறங்குவது 44. அது ஸ்ரீநகரிலிருந்து வருகிறது, கன்னியாகுமரியில் முடிகிறது. கிழக்கு மேற்காக ஓடினால் ஒற்றைப்படை. தெற்கே வர வர எண் கூடும். கிருஷ்ணகிரி–திண்டிவனம் 77. சேலம்–உளுந்தூர்பேட்டை 79. கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டிக்கு வருவது 85. மறுபடி சொல்கிறேன்: இரட்டை என்றால் வடக்கு தெற்கு, ஒற்றை என்றால் கிழக்கு மேற்கு. மூன்று இலக்கம் வந்தால் அது கிளை. சேலத்தில் 44ஐ விட்டுப் பிரிந்து கோவை, கொச்சி போகிறதே, அதன் எண் 544. கடைசி இரண்டு இலக்கத்தில் தாய்ச்சாலை நிற்கிறது பாருங்கள்.

சரி, இதெல்லாம் இந்தக் காலத்து எழுத்து. எனக்கு இந்தப் பித்தைப் பிடிக்க வைத்தது ஒரு பழைய கல். தருமபுரிப் பக்கம் கிடைத்தது, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'அதியமான் பெருவழி' என்று சாலையின் பெயர் வெட்டியிருக்கிறது. நாவல்தாவளத்துக்குக் காதம் 29 என்று தூரமும் இருக்கிறது. தாவளம் என்றால் வணிகக் கூட்டம் தங்கும் இடம். ஆக, சாலைக்குப் பெயர், போகிற ஊர், தூரம் எல்லாம் ஒரே கல்லில். இன்றைக்கு நம் நெடுஞ்சாலைக் கல் சொல்வதும் அதைத்தானே?

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. எழுத்துக்குக் கீழே குழிகள் இருக்கின்றன. இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. பெரியது பத்து, சின்னது ஒன்று. இரண்டு பத்து, ஒன்பது: 29. எழுதப் படிக்கத் தெரியாதவர் விரலை வைத்து எண்ணிக்கொள்ளலாம். முதன்முதலில் தருமபுரியில் அந்தக் கல்லின் முன் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொதிமாட்டை ஓட்டி வந்தவர் இருட்டிலேகூடத் தடவிப் பார்த்திருப்பார். வழிப்போக்கர் எல்லாரும் படித்தவர் இல்லை என்று எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் யோசித்திருக்கிறார். இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. ராத்திரி தூக்கம் வராவிட்டால் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

நேரம் ஆகிவிட்டது என்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ராணி மங்கம்மாள் சாலை பற்றியும் பழைய பாலங்கள் பற்றியும் குறிப்பு வைத்திருந்தேன், அதை விட்டுவிடுகிறேன். சுமைதாங்கியை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமைக்காரர் யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் சுமையை இறக்கி வைக்கலாம், மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டவை நிறைய. உங்கள் பேருந்து பைபாஸை விட்டு ஊருக்குள் பழைய சாலையில் திரும்பும்போது புளியமரத்தடியைப் பாருங்கள். ஒன்று கண்ணில் பட்டால் இறங்கி, யார் பெயரில் வைத்தது என்று அங்கே உள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். சாலையை அகலமாக்கும் வேலை அந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் போய்விடுங்கள். வணக்கம்.