தொட்டுப் பார்க்கும் வைத்தியம்

நேயர்களுக்கு வணக்கம். நான் வளர்ந்தது ராயபுரம். கிளினிக் வைத்திருப்பது பழைய வண்ணாரப்பேட்டை. தோல் டாக்டர் என்று சொன்னதும் பலருக்கு முகப்பருவும் முடி உதிர்வும் லேசரும்தான் நினைவுக்கு வருகின்றன. அதெல்லாம் எங்கள் வேலைதான். ஆனால் நாங்கள் வாங்கும் எம்.டி. பட்டத்தில் தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் என்று மூன்று பாடங்கள் சேர்ந்திருக்கின்றன. என்னை டாக்டராக்கியது அந்த மூன்றாவது பாடம்.

முதலில் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருடம், அப்புறம் முதுநிலை நீட் எழுதி இடம் கிடைத்தால் எம்.டி. 3 வருடம். தோல் பிரிவுக்குப் போட்டி அதிகம். ராத்திரி டூட்டி குறைவு, அவசரம் கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தோல் உரிந்து வரும் ஒரு நோயாளியை விடிய விடியப் பார்த்துக்கொண்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியை என் ஆயா கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார். 1782 பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்தது அது. பசித்து வந்தவரிடம் நீ யார் என்று கேட்காமல் ஊற்றிய கஞ்சி என்பார். அங்கே எம்.டி. சேர்ந்த முதல் வாரமே அந்தப் பேச்சு எனக்கு நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு ஓ.பி.யில் காசிமேட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர். மீன் முள் குத்தினாலும் வலிக்கவில்லை, அது ஏன் என்று கேட்டுத்தான் வந்தார். முன்கையில் லேசாக நிறம் வெளுத்த ஒரு படை. அதன்மேல் பீடி சுட்ட தழும்பு. சுட்டதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியர், "பேனாவைக் கீழே வை, கையைப் பிடித்துப் பார்" என்றார். நான் கை நீட்டியதும் வந்தவர் தன் கையை இழுத்துக்கொண்டார். "தொடாதீங்க டாக்டரம்மா." தொழுநோயோ என்று அவருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. சார் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி என் கையில் வைத்தார்.

முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் சுரீர் என்று பாயும் அல்லவா, அந்த நரம்பைத்தான் தேட வேண்டும். அவருக்கு அது கயிறு மாதிரி தடித்திருந்தது. அப்புறம் பஞ்சு. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட வேண்டும். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். படைக்கு வெளியே சரியாகக் காட்டினார். படைக்குள்ளே தொட்டபோது, "எப்ப தொடுவீங்க?" என்று கேட்டார்.

தொழுநோய்க் கிருமியை 1873-இல் நார்வே நாட்டு டாக்டர் ஹேன்சன் கண்டுபிடித்தார். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே அடுத்தவருக்குப் பரப்பும் தன்மை போய்விடும். விரல்களை நோய் தின்றுவிடுகிறது என்று மக்கள் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை, வலி தெரியாததால் படும் காயங்களும் தீப்புண்களும்தான் விரல்களை அழிக்கின்றன என்று வேலூரில் கண்டு சொன்னவர் டாக்டர் பால் பிராண்ட். மடங்கிப்போன விரல்களை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை இடம் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையையும் 1940-களில் அங்கே அவர் செய்தார். 2005 இறுதியில், நாட்டளவில் தொழுநோயாளிகள் எண்ணிக்கை 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று அரசு அறிவித்தது. பெரிய சாதனைதான். ஆனால் நோயே ஒழிந்துவிட்டது என்று டாக்டர்களே நினைக்க ஆரம்பித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தாமதமாக வருகிறவர் விரல் மடங்கித்தான் வருகிறார்.

படிப்பு முடிந்து நான் சேர்ந்த முதல் கிளினிக்கில் வெள்ளையாக்கும் ஊசியை வருகிறவர்களிடம் எல்லாம் பேசி விற்கச் சொன்னார்கள். கறுப்பு ஒரு வியாதி இல்லை. இரண்டே மாதத்தில் விலகிவிட்டேன்.

இப்போது என்னிடம் அதிகம் வருவது படர்தாமரை. தகரக் கூரை வீடு, வியர்வை, இறுக்கமான உடை, ஒரே துண்டால் நாலு பேர் துடைப்பது, இதெல்லாம் காரணம். அதைவிடக் கெடுதல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே போகும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் ஸ்டீராய்டு களிம்புகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. இன்னமும் பாதி தீர்ந்த டியூபோடுதான் வருகிறார்கள்.

தோல் அறுவை சிகிச்சையும் செய்கிறேன். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். எனக்கு மிகவும் பிடித்தது வெண்புள்ளிக்குச் செய்வது. அதை வெண்குஷ்டம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தொழுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, தொட்டால் ஒட்டாது. ஒரு வருடமாவது புள்ளி பரவாமல் நின்றிருந்தால், தொடையிலிருந்து மிளகளவுகூட இல்லாத தோல் துண்டுகளை எடுத்து, வெளுத்த இடத்தில் நாற்று நடுவதுபோல் இடைவெளி விட்டுப் பதிப்போம். சில வாரங்களில் ஒவ்வொன்றைச் சுற்றியும் நிறம் வட்டமாகப் பரவும். உதட்டோரம் இருந்ததால் துப்பட்டாவை இறக்காமலே கல்லூரிக்குப் போன ஒரு பெண் நாலு மாதம் கழித்து என் மேஜைக் கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிடவில்லை.

காசிமேட்டுக்காரர் பன்னிரண்டு மாதமும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டார். இப்போது உறை போட்டுக்கொண்டு ஐஸ் தூக்குகிறார். போன மாதம் மகனைக் கூட்டிவந்தார், முதுகில் ஒரு வெளுப்பு. பயத்தில் அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. பையனின் நரம்புகளை நான் பார்த்துவிட்டு, பஞ்சை அவர் கையில் கொடுத்தேன். மெதுவாகத் தொட்டார். பையன் கண்ணை மூடிக்கொண்டு, தொட்ட இடத்தையெல்லாம் அப்படியே காட்டினான். வெறும் தேமல்தான்.