புரியாத பழம்பொருளைச் சொல்வது பாட்டாவின் நினைவா, பொருளின் தடயமா? தடயமே!

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். "பழைய வீட்டில் புரியாத ஒன்று இருந்தால் பாட்டாவிடம் கேள்" என்றார். கேளுங்கள். ஆனால் பாட்டா சொன்னதை அந்தப் பொருளும் ஒத்துக்கொள்ள வேண்டுமே!

உத்திரத்தில் எந்தக் கொக்கி இருந்தாலும் 'ஊஞ்சல் கொக்கி' என்பார்கள். விரல் தடிமனில் இரண்டு கொக்கி, இடையே நாலைந்து அடி, உட்பக்கம் சங்கிலி உரசிய பள்ளம்: சரி, ஊஞ்சல்தான். ஒற்றைக் கொக்கி, தேய்மானமே இல்லை, மேலே மச்சுப் பலகையில் கரி என்றால் அங்கே தொங்கியது பெட்ரோமாக்ஸ். அதில் போய்த் தொட்டில் கட்டிவிடாதீர்கள்! விளக்குக் கொக்கி பெரும்பாலும் பலகையில் திருகி ஏற்றியது, பாரம் தாங்காது.

கிணற்றைப் பார்த்த அடுக்களைத் திறப்பின் விளிம்பில் கயிற்றுத் தடம் இருந்தால், அது தண்ணீர் கோரிய வழி.

திண்ணை ஜன்னலருகே வெள்ளைப் பீங்கானில் பித்தளைக் கத்தி மாதிரி ஒரு பிடி. 'பழைய மெயின் சுவிட்ச்' என்றார் எதிரணி அண்ணன். கம்பியோடே போய்ப் பாருங்கள் அண்ணே! ஒன்று கூரைமேல் கட்டிய கம்பிக்கு, ஒன்று ரேடியோ இருந்த மூலைக்கு, மூன்றாவது மண்ணுக்குள் போகிறது. அது வால்வு ரேடியோவின் ஏரியல் சுவிட்ச். ஐப்பசி இடிக்குக் கத்தியை எர்த் பக்கம் தள்ளிவிட்டால், ஏரியலில் ஏறுவது பெட்டிக்குள் போகாமல் மண்ணுக்கு இறங்கும். கூரைக் கம்பியின் முனையில் முட்டை வடிவப் பீங்கானும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

'மகாராஜா காலத்து சுவிட்ச்' என்று இன்னொருவர் காட்டினார். மூடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை! திருவிதாங்கூர் மகாராஜா ஆட்சி முடிந்து கொச்சியோடு சேர்ந்தது 1949. அந்த முத்திரைக்கான சட்டமே 1952. அதற்காக வீடும் பிந்தியது என்று சொல்ல மாட்டேன். சுவிட்சுக்குப் பின்னே தேக்குப் பலகையில் அதைவிடப் பெரிய வட்டத் தழும்பு, பொருந்தாத ஆணித்துளை இருந்தால், பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டியிருக்கிறார்கள்.

நினைவு உயிருக்கே உலை வைக்கும் இடம் ஒன்று உண்டு. 'அந்த லைன் எப்பவோ செத்துப்போச்சு, பல்பே எரியாது' என்பார்கள். பழைய போர்டில் கரண்டு வரும் ஃபேஸ் கம்பிக்கு ஒன்று, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிக்கு ஒன்று என இரண்டு பீங்கான் ஃபியூஸ் இருக்கும். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் பல்பு எரியாது, ஆனால் ஹோல்டர் வரை கரண்டு நிற்கும். நூல் சுற்றிய ரப்பர் வயரோ, வளைத்தாலே ரப்பர் உதிர்ந்து செம்பு வெளியே வந்துவிடும். ஆகவே முதலில் வேலை செய்யும் பிளக்கில் டெஸ்டர் எரிகிறதா பாருங்கள். பிறகு பழைய லைனில் இரண்டு கம்பியிலும் வையுங்கள். மறுபடி அந்தப் பிளக்கில் வைத்து டெஸ்டர் பழுதாகவில்லை என்று உறுதி செய்யுங்கள். பழைய லைனில் டெஸ்டர் எரிந்தாலும் எரியாவிட்டாலும், அதற்கப்புறம் மெயினை அணைத்து, இரண்டு ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறுங்கள்.

அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா, அந்த இரண்டு ஃபியூஸில் எது நியூட்ரல் என்று பாட்டாவிடம் கேட்டுச் சொல்லட்டும். நடுவர் அவர்களே, நன்றி, வணக்கம்.